குடம் நின்ற இடம்

நலியா, கட்ச், குஜராத்
29.10.2023

அன்புள்ள அக்கா,

அம்மா, நீ, பாப்பா சுகன்யா மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. தினமும் காற்றாலையில் எண்பது மீட்டர் ஏணி ஏறி இறங்கினால் வலிக்கத்தான் செய்யும்.

உன் கடிதம் வந்தது. போனில் இருபது நொடியில் முடிகிற விசயத்துக்கு ஒன்பது நாள். நான் போனில் கத்துகிறேன் என்று என் நம்பரைத் தடுத்துவைத்துவிட்டு, "எழுதுனாத்தான் நாலு தடவை யோசிப்பே" என்கிறாய். நீ சேரன்மகாதேவி தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாய் என்பதற்காகத் தம்பியும் தபால்தலை வாங்க வேண்டுமா?

விசயத்துக்கு வருகிறேன். சித்திரையில் கோவில் கொடையில் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். உனக்கு நான் ஒரே தம்பி. எல்லாம் சரி. ஆனால் உன் வீட்டுக்காரர் விசயத்தில், பெண் பார்க்க வந்த அன்று எல்லோர் முன்னாலும் சொன்னதைத்தான் இப்பவும் சொல்கிறேன். வில்லுப்பாட்டில் பானை தட்டுவது ஒரு பிழைப்பு இல்லை. அதனால்தான் உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை.

எங்கள் காற்றாலைக் கம்பெனியில் வண்டி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்தானே. பானையை விட்டுவிட்டு இங்கே வரச் சொல். நான் காதுகுத்துக்கு வருகிறேன். முடியாது என்றால் பாப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் குத்துங்கள். காது அதே காதுதான்.

அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போ.

தம்பி
பெருமாள்ராஜ்


சேரன்மகாதேவி
10.11.2023

தம்பி பெருமாள்ராஜுக்கு,

அக்கா தேன்மொழி எழுதுகிறேன். நாங்கள் நாலு பேரும் சுகம். நீ மூணு பேரைத்தான் விசாரித்திருந்தாய். நாலாவது ஆளும் சுகமாகவே இருக்கிறார். இப்போதுதான் பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றி முடித்தார்.

நாற்காலி என்று எழுதியிருந்தாய். அழுகிற பிள்ளையை இறுக்கிப் பிடிக்க நாற்காலிக்குத் தெரியாதுலே.

வேலை பார்த்துவைத்ததற்குச் சந்தோசம். அவர் வண்டியில் நெல் மூட்டை ஏற்றுகிறார், வாழைத்தார் ஏற்றுகிறார். வருசத்தில் முப்பது நாள் சிவசைலம் அண்ணாச்சியின் வில்லுக் குழுவில் உட்கார்ந்து குடம் அடிக்கிறார். இதில் உனக்கு எங்கே இடிக்கிறது? நீ ஒரு தடவையாவது வில்லுக்கு முன்னால் முழுசாக உட்கார்ந்தது உண்டா? சின்ன வயசில் எந்தக் கொடைக்குக் கூட்டிப்போனாலும் ஜெனரேட்டர் பக்கத்தில்தான் நிற்பாய்.

போன கொடையில் மைக்செட்டுக்காரர் பதிவு செய்ததை மெமரி கார்டில் வாங்கி இதற்குள் வைத்திருக்கிறேன். இவர்கள் குடும்பக் கோவிலான ஆத்தங்கரை அம்மனின் கதை. முழுசாகக் கேள். கேட்ட பிறகும் நாற்காலிதான் என்றால் நான் மறுபேச்சு பேசவில்லை.

ஏணியில் பார்த்து ஏறு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


நலியா
26.11.2023

அக்காவுக்கு,

சுகம். கார்டு வந்தது. கேட்க நேரம் இல்லை. காற்றுக் காலம் முடிந்து பராமரிப்பு வேலை தொடங்கிவிட்டது. ஒரு மாதத்தில் பதினெட்டு கியர்பாக்ஸ் பார்த்தாக வேண்டும். மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.

வண்டி ஓட்டும் வேலைக்கு ஜனவரி கடைசி வரைதான் ஆள் எடுப்பார்கள். உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. அம்மாவின் கண் என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லை.

பெருமாள்ராஜ்


நலியா
20.12.2023

அக்கா,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. டிவியில் ஆறு பாலத்தைத் தொட்டுக்கொண்டு போவதைக் காட்டுகிறார்கள். மூன்று நாளாக அங்கே எந்த நம்பரும் போகவில்லை. என்னோடு தங்கியிருக்கும் ஷமீம் மேலப்பாளையத்துக்காரன். அவன் வீட்டிலிருந்தும் தகவல் இல்லை. ரெண்டு பேரும் மாற்றி மாற்றி போன் போட்டுக்கொண்டிருக்கிறோம். ரயில் பாதையும் உடைந்துவிட்டது என்கிறார்கள். கிளம்பினாலும் வந்து சேர வழி இல்லை.

இந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாது. இருந்தாலும் போடுகிறேன். நாலு பேரும் பத்திரம் என்று ஒரு வரி போதும். கீழே ஷமீம் நம்பர் இருக்கிறது.

பெருமாள்ராஜ்


சேரன்மகாதேவி
2.1.2024

தம்பிக்கு,

நாலு பேரும் பத்திரம். டவர் வந்த அன்றே அடுத்த தெருக்காரர் போனிலிருந்து உன் கம்பெனி நம்பருக்குச் சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்திருக்கும். உன் கடிதம் பத்து நாள் கழித்து, வெயிலில் உலர்த்தின அப்பளம் மாதிரி வந்தது. ஷமீம் வீட்டாரும் நல்லபடியாக இருக்கிறார்களா?

காலை எட்டு மணிக்கு வாசலில் தண்ணீர். ஒன்பதுக்கு இடுப்பு. அவர் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்தார். அம்மா வழியெல்லாம், "மருமவனே, என்னைய இறக்கிவிட்டுட்டுப் பிள்ளையத் தூக்குங்க" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். பிள்ளை என் இடுப்பில், தபால் பை என் தலையில். திரும்ப வீட்டுக்குப் போக முடியவில்லை. பின்சுவர் விழுந்துவிட்டது. பரணில் இருந்த குடம் அதோடு போயிற்று. அவருடைய அப்பா காலத்துக் குடம்.

பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் இருந்தோம். ரெண்டாம் நாள் மத்தியானம் பிள்ளைகள் அழுகையை யாராலும் அடக்க முடியவில்லை. ஒன்று அழுதால் நாற்பதும் அழுகிறது. இவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தை மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். சிவசைலம் அண்ணாச்சியும் அங்கேதான் இருந்தார், குரலெடுத்துப் பாடினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டன. பெரியவர்கள் அழ ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் ஒருத்தரும் அழவில்லை, தம்பி. அழுது முடித்த பிறகுதான் எல்லோரும் எழுந்து அடுப்பு மூட்டினோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேன்மொழி


நலியா
11.1.2024

அக்காவுக்கு,

இப்போதுதான் நிம்மதி. ஷமீம் வீட்டிலும் எல்லோரும் நலம். அம்மாவைச் சுமந்துகொண்டு போனதற்கு நான் நன்றி சொன்னதாக அவரிடம் சொல்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. பானை போனது ஒரு விதத்தில் நல்லது. தானாக ஒரு முடிவு வந்திருக்கிறது. அப்பா தட்டினார், அதனால் நானும் தட்டுகிறேன் என்கிற சாக்கு இனிமேல் இல்லை. சுவர் கட்ட வேண்டும், பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும். இனிமேலாவது ஊர் ஊராகப் போய்ப் பானை தட்டாமல் ஒழுங்காக ஒரு வேலையில் இருக்கச் சொல். வண்டி வேலைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.

பதில் போடு.

பெருமாள்ராஜ்


நலியா
3.3.2024

அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? என் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏழு வாரம் ஆகிறது.

ஒரு தகவல். புதிதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு பதிவு வேண்டியிருந்தது. உன் கார்டைப் போட்டேன். அவ்வளவுதான்.

அதில் ஒரு கோளாறு இருக்கிறது. நாற்பத்தொன்றாவது நிமிடம். கதையில் அக்காக்காரி காய்ச்சல் பிள்ளையோடு வெள்ளத்துக்கு அக்கரையில் நிற்கிறாள். ஓடம் இல்லை. இக்கரையில் தம்பி, "ஆறு வடியட்டும், நாளைக்கு வாரேன்" என்று வீட்டுக்குள்ளே இருக்கிறான். அவள் கூப்பிடுகிறாள். மூன்றாவது தடவை சிவசைலம் அண்ணாச்சி இப்படிப் பாடுகிறார்:

அக்கரையில் நிக்கேனடா, ஆறு பெருகுதடா
இக்கரையில் நீயிருந்தும் என் குரல் கேக்கலையா

இந்த இடத்தில் பானை நின்றுவிடுகிறது. உடுக்கு ஓடுகிறது, வில்லின் மணி ஓடுகிறது, பானையை மட்டும் காணோம். எண்ணினேன். தாளத்தில் பதினாறு அடி. அதற்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் பைய வருகிறது. ஓடுகிற கியரில் இப்படிப் பல் விட்டுப்போனால் நான் இயந்திரத்தை நிறுத்திவிடுவேன். ஏழு தடவை கேட்டு உறுதி செய்தேன். கோளாறு பதிவில் இல்லை. அடிக்கிற ஆளிடம்தான். மற்றபடி அவர் அடி சுத்தமாக இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

எழுபதாவது நிமிடத்தில் பதிவு அறுந்துவிடுகிறது. அந்தத் தம்பி கடைசியில் போனானா இல்லையா?

பெருமாள்ராஜ்

(அக்கா, நான் ஷமீம். தபால்பெட்டியில் போட என்னிடம் கொடுத்தான், அதனால் ஓரத்தில் எழுதுகிறேன். ஏழு தடவை என்பது பொய். சோறு வடிக்கும்போதும் அதுதான், துணி துவைக்கும்போதும் அதுதான். அந்த அக்கரைப் பாட்டு வரும்போது மட்டும் வெளியே எழுந்து போயிருதான். கண்ணில் தூசியாம். இங்கே எப்போதுமே தூசிதான், ஆனால் அவனுக்கு அந்த நேரத்தில்தான் விழுது.)


சேரன்மகாதேவி
14.3.2024

தம்பிக்கு,

சுகம். ஷமீமுக்கு என் அன்பைச் சொல்.

உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்று நான் பாளையங்கோட்டையில் பயிற்சிக்குப் போயிருந்தேன். தபால்காரர் வீட்டிலேயே கொடுத்துவிட்டார். அம்மாவின் கண்ணாடி வெள்ளத்தோடு போயிற்றே. அவர் கையிலேயே கொடுத்து, "எம்பிள்ளை என்ன எழுதிருக்கான், கொஞ்சம் வாசிங்க மருமவனே" என்றிருக்கிறாள். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வாசித்திருக்கிறார். பானை போனது நல்லது என்ற இடத்தையும்.

மறுநாள் அண்ணாச்சியிடம் போய், வண்டி ஓட்டம் அதிகம், இந்தக் கொடையிலிருந்து குடத்துக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். "என்னவே மணிராஜ், யாரு என்ன சொன்னா?" என்று கேட்டார். இவர் சொன்ன பதில்: "யாரும் ஒண்ணும் சொல்லல. சொன்னாலும் தப்பாச் சொல்லல." அன்றிலிருந்து வீட்டில் ஒரு தாளம் கிடையாது. முன்பெல்லாம் சோற்றுத் தட்டில்கூட விரல் ஓடும். இப்போது சாப்பிடுகிறார், எழுந்திருக்கிறார். அந்தக் கோபத்தில்தான் நான் உனக்கு எழுதவில்லை.

இப்போது உன் கோளாறுக்கு வருகிறேன். அது கோளாறு இல்லை. இந்தக் கோவிலில் ஒரு முறை உண்டு. அம்மன் மூன்றாவது தடவை கூப்பிடும்போது, கூட்டத்தில் இருந்து இந்தக் குடும்பத்து மருமகள் யாருக்காவது கூடப் பிறந்தவன் ஒருத்தன் எழுந்து வந்து வில்லுக்கு மாலை போட்டு, "வந்துட்டேன் தாயி" என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் குடம் அடிக்கக் கூடாது. கதையில் வராதவனுக்குப் பதிலாக ஒருத்தன் வருகிறான் என்று கணக்கு.

போன வருசம் என் ஓர்ப்படிகளின் தம்பிமார் ரெண்டு பேர் எழுந்திருக்கப் பார்த்தார்கள். இவர் தலையை ஆட்டி உட்காரச் சொல்லிவிட்டார். நீ கடைசி நேரத்தில் வந்தாலும் வருவாய் என்று எவனோ சொல்லியிருக்கிறான். நீ எண்ணின பதினாறும் உனக்காகக் காத்திருந்ததுதான். அப்புறம் பூசாரிதான் மாலை போட்டார்.

அந்தத் தம்பி போனான். மறுநாள் காலையில், எல்லாம் முடிந்த பிறகு போனான். அதனால்தான் அவள் சாமி.

தேன்மொழி


நலியா
25.3.2024

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே. உன் கடிதம் படித்தேன்.

ஏப்ரல் 26 முதல் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. கொடை 30ஆம் தேதி செவ்வாய்தானே. அத்தானிடம் அவர் குடத்தின் வாய் அகலம், வயிற்றுச் சுற்று, கனம் மூன்றையும் கேட்டு எழுது. எதற்கு என்று கேட்டால் சும்மா என்று சொல். சிவசைலம் அண்ணாச்சி வேறு ஆள் பார்க்க வேண்டாம். இதை இன்றைக்கே போய்ச் சொல்.

பெருமாள்ராஜ்


சேரன்மகாதேவி
8.5.2024

தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? பாப்பா கடித்த கட்டைவிரல் ஆறிவிட்டதா? ரெண்டு காதும் குத்தி முடிக்கிறவரை அவள் அந்த விரலை விடவும் இல்லை, நீ அவளை விடவும் இல்லை. ஆசாரி, "மாமனுக்கும் சேத்துல்லா குத்திருக்கு" என்று சிரித்தார்.

நீ பூஜ் ஊரிலிருந்து ரெண்டரை நாள் ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பானை அடுப்படியில் இருக்கிறது. நீ வந்த அன்றைக்கு இவர் அதை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, "மாப்ள, தண்ணி நல்லாக் குளுந்து இருக்கும்" என்றபோது உன் மூஞ்சியைப் பார்க்கணுமே. பானைக்குப் பேர்போன காருகுறிச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனாவது குஜராத்திலிருந்து பானை தூக்குவானா? அம்மா இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் அந்தத் தண்ணியைக் கொடுத்துவிட்டுத்தான் கதையைச் சொல்லுகிறாள். எட்டு வருசம் கழித்து நீ வீட்டுப் படி ஏறினதில் அம்மா சிரித்துச் சிரித்து இருமுகிறாள்.

எனக்கு ரெண்டு விசயம் தெரிய வேண்டும். மறுநாள் நீங்கள் ரெண்டு பேரும் காருகுறிச்சிக்கு வண்டியில் போனீர்களே, என்ன பேசினீர்கள்? இவரிடம் கேட்டால் சிரிக்கிறார். ரெண்டாவது, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வில்லு நடக்கும்போது நான் பின்னால் பொங்கல் விட்டுக்கொண்டிருந்தேன். குடம் நின்றது கேட்டது. நானும் எண்ண ஆரம்பித்தேன். அதற்குள் பொங்கல் பொங்கிவிட்டது, எண்ணிக்கை விட்டுப்போச்சு. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. ஏன்லே?

அக்கா


நலியா
19.5.2024

அன்புள்ள அக்கா,

நலம். அத்தான், அம்மா, பாப்பா, நீ எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். விரல் ஆறிவிட்டது.

போகும்போது ஒன்றும் பேசவில்லை. காருகுறிச்சியில் சூளைக்குப் பக்கத்தில் குடங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தான் ஒவ்வொன்றாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, கீழே வைத்தார். நானும் தட்டினேன். பேரிங் சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். நான் நல்லது என்று எடுத்த நாலையும் அவர் ஒரு தட்டுத் தட்டித் திரும்ப வைத்தார். அஞ்சாவதைத் தட்டி, என் முகத்தைப் பார்த்து, இன்னொரு தடவை தட்டினார். அந்தக் குடத்துக்காரம்மா பொறுக்கமாட்டாமல், "வாங்குதியளா, இங்கனயே கச்சேரி வைக்கப் போறியளா?" என்றாள். அதைத்தான் வாங்கினோம். வரும்போது என் மடியில் இருந்தது. அத்தான் சொன்னது ஒன்றே ஒன்று: "மாப்ள, பாலத்துல பள்ளம் கிடக்கு. இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க." அவ்வளவுதான் பேச்சு.

ரெண்டாவது கேள்வி. ஸ்பீக்கரில் கேட்பது வேறு. நேரில் அந்தக் குடம் நெஞ்சுக்கூட்டில் விழுகிறது. பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, குடம் நின்றபோது கீழே தரை போன மாதிரி ஆகிவிட்டது. மாலை என் கையில்தான் இருந்தது. எண்ணினேன். பதினாறு. இருபது. இன்னும் உட்கார்ந்தே இருந்தேன். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அன்று பெண் பார்க்க வந்திருந்தவர்கள். நான் சொன்னதைக் காதால் கேட்டவர்கள். அத்தான் கையை ஓங்கினபடி வைத்திருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன். முப்பத்தொன்றில் எழுந்தேன். மாலையைப் போட்டுவிட்டேன். மாலையின் நாரைச் சரிசெய்துகொண்டே நின்றேன். அண்ணாச்சி பாட்டுக்கு நடுவே குனிந்து, "சொல்லும்வே, ஆத்தா காத்திருக்கா" என்றார். சொன்னேன். குடம் விழுந்தது. அதற்குப் பிறகு என்ன பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அக்கா, அம்மனிடம் சொல்லிவிட்டேன். அத்தானிடம் சொல்ல வேண்டியதை அத்தனை நாள் அங்கே இருந்தும் சொல்லவில்லை. அன்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னது தப்பு. ஜனவரியில் எழுதியது அதைவிடத் தப்பு. இந்தக் கடிதத்தை அவரையே வாசிக்கச் சொல்.

தம்பி
பெருமாள்ராஜ்


சேரன்மகாதேவி
30.5.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மணிராஜ் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இங்கு அனைவரும் சுகம். அங்கு வெயில் அதிகம் என்று செய்தியில் சொல்கிறார்கள். மேலே ஏறும்போது தண்ணீர் கொண்டுபோகவும்.

உங்கள் கடிதத்தை என்னையே வாசிக்கச் சொன்னாள் உங்கள் அக்கா. அத்தை, பாப்பா, அவள் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். சத்தமாகத்தான் வாசித்தேன். கடைசிப் பகுதி வந்ததும் நிறுத்திவிட்டேன். அத்தை, "என்ன மருமவனே, எழுத்து புரியலையா?" என்றார்கள். ஆமா அத்தை, மாப்ள கையெழுத்து அங்கன கோழி கிண்டுன மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டேன். தப்பு என்று ஏதோ எழுதியிருந்தீர்கள். எந்த விசயம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வைகாசியில் மூன்று கொடை ஒத்துக்கொண்டிருக்கிறோம். புதுக் குடம் நன்றாகப் பேசுகிறது. பின்சுவர் பாதி எழும்பிவிட்டது.

பாப்பாவுக்குக் காது நன்றாக ஆறிவிட்டது. நீங்கள் போட்ட கம்மலை எல்லோருக்கும் காட்ட வேண்டுமாம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே தெருவில் நடக்கிறாள். நேற்று அப்படியே போய் என் வண்டியில் முட்டிக்கொண்டாள். அழவில்லை. கம்மல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் நடந்தாள்.

இப்படிக்கு
அத்தான்
மணிராஜ்